வான் எய்க்கின் பார்பரா

அன்புள்ள ஐயா,

பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் அருங்காட்சியகத்தில் உள்ள, பதினைந்தாம் நூற்றாண்டு ஓவியர் யான் வான் எய்க்கின் புனித பார்பரா படத்தை இணையத்தில் பார்த்தேன். வானத்தில் கொஞ்சம் நீலம், மற்றதெல்லாம் வெறும் கோடு. பாதியில் விட்ட படத்தை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பாதியில் விட்டது என்று நாமே முடிவுகட்ட வேண்டாம். சிவப்புப் பளிங்குபோலத் தீட்டிய படச்சட்டத்தில், யான் வான் எய்க் என்னைச் செய்தார், 1437 என்று லத்தீனில் இருக்கிறது. அவர் இறந்தது 1441இல். அதே அருங்காட்சியகத்தில் உள்ள ‘நீரூற்றருகே மாதா’வை 1439இல் முழு வண்ணத்தில் முடித்திருக்கிறார். ஆகவே சாவு வந்து தடுத்த வேலை அல்ல இது. சட்டத்தில் முதலிலேயே எழுதிவிட்டு, பிறகு தீட்ட எண்ணியிருக்கலாம் என்பவர்களும் உண்டு. நியாயமான வாதம்தான், ஆனாலும் நான் அவர்கள் பக்கம் இல்லை.

காரணம், படத்தில் பார்பராவுக்குப் பின்னால் எழும் அந்தக் கோபுரம். அவள் கதை இது. பார்பராவைக் கோபுரத்தில் அடைத்துவைக்கிறான் தகப்பன் டயோஸ்கோரஸ். அவன் வெளியூர் போன சமயத்தில், இரண்டு சன்னல் வைக்க இருந்த கொத்தர்களிடம் மூன்றாவதும் வையுங்கள் என்கிறாள், பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற திரித்துவத்தின் அடையாளமாக. அதனால்தான் அவள் கிறிஸ்தவ விசுவாசம் வெளிப்பட்டு, கடைசியில் தகப்பனே தலையை வெட்டுகிறான். அவனை இடி தாக்குகிறது. இடி மின்னலுக்கும், வெடிமருந்தோடு பிழைக்கும் பீரங்கிக்காரர்களுக்கும் சுரங்கத் தொழிலாளர்களுக்கும் அவள் பாதுகாவலியானது அப்படித்தான்.

மற்ற ஓவியர்கள் பெரும்பாலும் கட்டிமுடித்த கோபுரத்தை அவள் பக்கத்தில் சின்ன அடையாளமாக வைத்துவிடுவார்கள். வான் எய்க் கதை நடக்கும் நேரத்தையே பிடித்திருக்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உச்சியில் பாரந்தூக்கி நிற்கிறது. கீழே கொட்டகையில் கல் கொத்துகிறார்கள், சிலர் கல் சுமக்கிறார்கள். இத்தனையும் ஒரு அடி உயரப் பலகையில்! முன்னால் பார்பரா, கையில் குருத்தோலை, மடியில் புத்தகம். அவளைச் சுற்றிப் பாவாடை மடிப்பு மடிப்பாகத் தரையில் பரந்து கிடக்கிறது. பின்னால் நடக்கும் வேலையை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டி முடியாத கோபுரத்துக்கு இந்தக் கோடுகளே போதும் என்று அவர் நிறுத்தியிருப்பார் என்பது என் எண்ணம்.

அப்புறம், இதைக் கொண்டாடுவது இன்று நேற்றுப் பழக்கமும் அல்ல. 1604இல், ஓவியர்களின் வரலாற்றை எழுதிய காரல் வான் மாண்டர், வண்ணம் பூசுமுன் வான் எய்க் வரையும் கோட்டுப் படங்கள் மற்றவர்களின் முடிந்த படங்களைவிடத் துல்லியமானவை என்று எழுதி, பின்னால் நிலக்காட்சியுள்ள ஒரு பெண்ணின் சிறு படத்தை உதாரணம் காட்டினார். அது இந்தப் படமாகத்தான் இருக்கும் என்று பலர் கருதுகிறார்கள்.