பி.டி. பருத்திக் காயில் புழு: டானிக் அடித்தால் சரியாகுமா?

கேள்வி: பெரம்பலூர் பக்கம் இரண்டு ஏக்கர் பி.டி. பருத்தி. ஆவணியில் விதைத்தது, இப்போது 110 நாள். காயை உடைத்தால் உள்ளே இளஞ்சிவப்புப் புழு. 'செடியில் பி.டி. புரதம் இறங்கிவிட்டது, அமினோ அமில டானிக் அடித்தால் ஏறிவிடும்' என்கிறார் கடைக்காரர். அடிக்கலாமா? மாசிக் கடைசி வரை பருத்தி எடுக்க நினைக்கிறேன்.

பதில்: வேண்டாம் அம்மா. கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. பி.டி. என்பது காய்ப்புழுவைக் கொல்லும் புரதத்தைச் செடியே செய்துகொள்வதற்காக, ஒரு மண் பாக்டீரியாவிலிருந்து எடுத்துச் சேர்த்த மரபணு. வயது ஏற ஏற அந்தப் பி.டி. புரதம் குறையத்தான் செய்யும். ஆனால் டானிக் அதை ஏற்றாது. அந்தப் புரதத்தைச் செல் தானேதான் செய்துகொள்கிறது. மரபணுவில் உள்ள செய்தி ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படும். செல்லுக்குள் புரதம் கட்டும் பட்டறையான ரைபோசோம் அதை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, அதற்குரிய அமினோ அமிலங்களை வரிசையாகக் கோக்கும். அந்த வரிசைதான் புரதம். செங்கல் லோடு இறக்கிவிட்டால் வீடு எழும்பிவிடுமா? அமினோ அமிலத்தையும் செடி தழைச்சத்தைக் கொண்டு தானே தயாரித்துக்கொள்ளும். பயிர் வெளுத்திருந்தால் மேலுரம் பாருங்கள், தண்ணீர் தேங்கினால் வடியுங்கள். 'பி.டி. புரதம் கூடும்' என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், தரமாட்டார்.

இன்னொன்று. புழு தேடிப் போவது காய்க்குள் இருக்கும் விதையை. நீங்கள் போட்டது வீரிய ஒட்டு ரகம். காயில் விளையும் ஒவ்வொரு விதையும் அடுத்த தலைமுறை, சிலவற்றில் பி.டி. மரபணுவே இருக்காது. மரபணு இல்லாத செல்லில் எதை ஊற்றினாலும் அந்தப் புரதம் வராது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: மாசி வரை ஏன் இழுக்க வேண்டும்? ஒற்றை மரபணு பி.டி. 2002-இல் வந்தது, இரட்டை மரபணு 2006-இல். இரண்டையும் இந்தப் புழு தாங்கப் பழகிவிட்டது, முதலில் தெரிந்தது குஜராத்தில். பயிரை நீட்ட நீட்ட அதற்குத் தலைமுறை தலைமுறையாகத் தீனி கிடைக்கிறது. கடைசிப் பறிப்பில் உங்களுக்கு மிஞ்சுவது கறை பிடித்த கொட்டுப் பருத்தி, அதற்குக் கூலியே கட்டாது. தை பாதியில் முடித்துவிடுங்கள். பருத்தி மாரை, அதாவது பறித்து முடிந்த செடியை, அடுப்புக்கு என்று வரப்பில் அடுக்கவே கூடாது. காய்ந்த காயிலும் விதையிலும் புழு உறங்கிக் கிடந்து அடுத்த பருத்திக்கு அந்துப்பூச்சியாக வரும். ரோட்டவேட்டர் விட்டு மண்ணோடு மடக்கி உழுங்கள். பக்கத்துக் காட்டுக்காரர்களையும் கூட்டிச் செய்யுங்கள், ஒருவர் மட்டும் செய்தால் பாதிப் பலன்தான்.

சரி, இப்போதைக்கு? காய்க்குள் போன புழுவை மருந்து தொடாது. பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் அந்துப்பூச்சியை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு இரண்டு வையுங்கள். பொறிக்கு எட்டு அந்துப்பூச்சி வீதம் மூன்று ராத்திரி தொடர்ந்து விழுந்தாலோ, ஏக்கருக்கு 20 பச்சைக் காய் உடைத்து இரண்டில் புழு இருந்தாலோ, இனி வரும் புழுவைத் தடுக்க மருந்து தேவை. எந்த மருந்து என்பதை வேளாண் அலுவலரிடம் கேளுங்கள், கடையில் கேட்காதீர்கள். காய் உடைத்த கணக்கை எனக்கும் எழுதுங்கள்.