பெருந்தொற்றில் பணியாற்றியவர்களின் மனநலம்: கேள்வி பதில்

கோலாலம்பூரில் மனநல மருத்துவராகப் பணியாற்றும் நான், மருத்துவமனை ஊழியர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய 2020 மார்ச் 18 முதல், நாடு தொற்றோடு வாழும் கட்டத்துக்கு மாறிய 2022 ஏப்ரல் 1 வரையிலான காலத்தைப் பற்றியே பெரும்பாலானோர் கேட்டிருக்கிறார்கள். ஆண்டுகள் கடந்தும் இந்தக் கேள்விகள் வருவதில் எனக்கு வியப்பில்லை. உழைக்கும்போது அழ நேரமில்லாதவர்களுக்கு, உழைப்பு சற்றுக் குறைந்த பிறகுதான் மனம் பேசத் தொடங்குகிறது.

தாதி, ஜார்ஜ் டவுன்: டாக்டர், 2021-இல் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தேன். இப்போது வேறு வார்டு. ஆனாலும் வீட்டில் மைக்ரோவேவ் அடுப்பு ஒலித்தால்கூட, சுவாசக் கருவியின் எச்சரிக்கை ஒலி என்று நெஞ்சு படபடக்கிறது. பழைய பிரிவு இருக்கும் மாடிக்குப் போகாமல் சுற்றிப் போகிறேன். நான் மனவலிமை இல்லாதவளா?

சகோதரி, நீங்கள் சொல்வதில் வலிமைக் குறைவு எதுவும் இல்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் நம் நாட்டில் ஒரே நாளில் 20,000-க்கும் மேற்பட்ட தொற்றுகள் பதிவாயின. உறவினர் உள்ளே வர அனுமதி இல்லாததால், உயிர் பிரியும் வேளையில் நோயாளியின் காதருகே கைப்பேசியைப் பிடித்து, வீட்டார் பாடிய தேவாரத்தையும் அழுகையையும் கேட்கச் செய்தவர்கள் தாதியர்தாம். மகளாக, மகனாக, அந்நியராக ஒரே நேரத்தில் நின்ற ஒருவரின் உடல், அந்த ஒலியை ஆபத்தின் அறிவிப்பாகவே பதிந்துகொண்டுவிட்டது.

காட்சிகள் அழையாமல் திரும்ப வருதல், நினைவூட்டும் இடங்களைத் தவிர்த்தல், எப்போதும் விழிப்பாகவும் திடுக்கிட்டும் இருத்தல், தன்னைப் பற்றியும் உலகைப் பற்றியும் எண்ணம் இருண்டுபோதல் ஆகிய நான்கும் சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்வையும் குலைத்தால், அதைப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு என்கிறோம். உங்களுக்கு அது இருக்கிறதா என்பதை நேரில் பேசித்தான் சொல்ல இயலும். ஆனால் நேரில் பேசவேண்டிய அளவுக்கு அறிகுறிகள் இருக்கின்றன என்பதை இங்கிருந்தே சொல்வேன்.

இதற்கு நல்ல சிகிச்சை உண்டு. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில், பயிற்சி பெற்ற உளவியலாளர் ஒருவரின் துணையோடு, நீங்கள் சுற்றிப் போகும் அந்த மாடியை முதலில் நினைவிலும் பின்னர் நேரிலும் சிறிது சிறிதாக அணுகுவீர்கள். பெரும்பாலும் 8 முதல் 12 அமர்வுகள் தேவைப்படும். சிலருக்கு மனச்சோர்வுக்கான மாத்திரைகளும் உதவுகின்றன. தவிர்ப்பது அந்த நேரத்துக்கு நிம்மதி தந்தாலும், அந்த நிம்மதியே அச்சத்தை உயிரோடு வைத்திருக்கிறது என்பதால், காலம் ஆற்றிவிடும் என்று இனியும் காத்திருக்க வேண்டாம்.

மருத்துவ உதவியாளர் ஒருவரின் கணவர், கிள்ளான்: என் மனைவி பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுக்கு வந்ததும் தனி அறையில் படுத்தார், பிள்ளைகளைத் தொடவில்லை. இப்போதும் அதிகம் பேசுவதில்லை. என்ன நடந்தது என்று கேட்டால் எழுந்து போய்விடுகிறார்.

நடந்ததைச் சொல்லுமாறு வற்புறுத்தாதீர்கள், ஐயா. எங்கள் துறையிலேயே, அதிர்ச்சிக்குள்ளானவரை உடனே உட்காரவைத்து எல்லாவற்றையும் ஒரே அமர்வில் கொட்டச் செய்யும் முறை முன்பு பரவலாக இருந்தது. பின்வந்த ஆய்வுகளில் அது பயன் தரவில்லை என்றும் சிலருக்குத் தீங்காகவும் முடிந்தது என்றும் தெரியவந்ததால், அதை இப்போது பரிந்துரைப்பதில்லை. பணி முடிந்து வரும் நாளில் சமையலையும் பிள்ளைகளின் பள்ளி வேலைகளையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். உடன் நடக்கப் போங்கள். அவராகப் பேசத் தொடங்கினால் அறிவுரை கூறாமல் கேளுங்கள். தொற்றைக் கொண்டுவந்துவிடுவேனோ என்ற அச்சத்தில் பிள்ளைகளை விலக்கி வைத்த தாய்க்கு, பிள்ளைகள் தன்னை மன்னித்துவிட்டார்கள் என்று உணர நாளாகும். அவர்கள் அவரிடம் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளட்டும்.

உண்ணாமை, உறங்காமை, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு ஆகியவை தென்பட்டால் மட்டும் காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

துப்புரவுப் பணியாளர், செந்தூல்: நாங்கள் குத்தகை நிறுவனத்தின் ஆட்கள். கோவிட் வார்டைக் கழுவியதும் நாங்கள்தான், குப்பையைக் கட்டியதும் நாங்கள்தான். டாக்டர்களுக்கும் மிஸ்ஸிகளுக்கும் கைதட்டினார்கள். எங்களுக்கு நெஞ்சடைப்பு போல வருகிறது; இதயத்தில் ஒன்றுமில்லை என்கிறார்கள். மனநல மருத்துவரைப் பார்க்க நிறையச் செலவாகுமா?

அம்மா, இந்தக் கேள்வியை எழுதியதற்கு நன்றி. மருத்துவமனை ஊழியர் என்றாலே வெள்ளைச் சட்டை மட்டும் நினைவுக்கு வருவது நம் சமூகத்தின் குறை. நோயாளியின் அருகே அதே காற்றைச் சுவாசித்துக்கொண்டு, நோயைப் பற்றிய விளக்கம் மிகக் குறைவாகவே தரப்பட்டு, ஒரு நாள் வராவிட்டால் சம்பளம் போய்விடும் என்ற கவலையோடும் வேலை செய்தவர்களின் சுமை மற்ற எவருடையதையும் விடச் சிறியதன்று.

இதயம் நன்றாக இருக்கிறது என்று பரிசோதித்து உறுதிசெய்த பிறகும் நெஞ்சடைப்பு, மூச்சுத்திணறல், கை நடுக்கம் திடீரென வந்து சில நிமிடங்களில் உச்சம் தொட்டு அடங்குமானால், அது பெரும்பாலும் பீதித் தாக்குதலாக இருக்கும். உயிருக்கு ஆபத்தில்லாதது, குணப்படுத்தக் கூடியது. செலவைப் பொறுத்தவரை, மலேசியக் குடிமக்கள் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் 1 ரிங்கிட்டில் மருத்துவரைப் பார்க்கலாம்; அவர் அனுப்பும் கடிதத்தோடு அரசு மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க முதல் வருகைக்கான கட்டணமும் மிகக் குறைவு. சுகாதார அமைச்சின் ‘மெந்தாரி’ சமூக மனநல மையங்களும் இருக்கின்றன. கிளினிக்கில் நெஞ்சைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்தாமல், பயத்தையும் தூக்கமின்மையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இளம் மருத்துவர், கோலாலம்பூர்: படுக்கை ஒன்று, காத்திருந்தவர்கள் பலர். யாருக்கு என்ற முடிவு எடுக்கப்பட்ட அறையில் நானும் இருந்தேன். அந்த முகங்கள் போகவில்லை. ஒப்பந்த மருத்துவராக இருந்த எனக்கு நாளை வேலை இருக்குமா என்பதும் அப்போது தெரியாது.

உங்கள் வேதனைக்கு அச்சம் காரணமில்லை என்பதால், அமைதிப்படுத்தும் மாத்திரையால் மட்டும் அது தீராது. தான் சரியென நம்பும் ஒன்றைச் செய்ய முடியாத நிலையில் நிறுத்தப்பட்டவருக்கு வருவது அறக்காயம். போரிலிருந்து திரும்பிய வீரர்களிடம் முதலில் விரிவாகக் கவனிக்கப்பட்ட இந்தக் காயத்தை, பெருந்தொற்றுக்குப் பின் மருத்துவர்களிடமும் நாங்கள் பார்க்கிறோம். அந்த முடிவுக்கான பொறுப்பை எழுதிப் பிரித்துப் பாருங்கள்: படுக்கைகளின் எண்ணிக்கையை நீங்கள் தீர்மானிக்கவில்லை, ஆள்பற்றாக்குறையை நீங்கள் உண்டாக்கவில்லை, இருந்ததைக் கொண்டு செய்த பங்கு மட்டுமே உங்களுடையது. இதை அதே அறையில் இருந்த மூத்த மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து செய்வது நல்லது, ஏனெனில் அவரும் தனியே சுமந்துகொண்டிருக்கக் கூடும்.

வேலை பற்றிய உறுதியின்மையையும் நான் லேசாகக் கடக்க மாட்டேன். 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்பு உடையில் வெளிநடப்பு செய்தபோது, சிலர் அதைப் பொறுப்பின்மை என்றார்கள். எதிர்காலம் தெரியாமல் பிறர் உயிரைக் காக்க ஒருவரால் எத்தனை காலம் முடியும் என்பது மனநலக் கேள்வியும்தான் என்று நான் அன்றும் கருதினேன், இன்றும் கருதுகிறேன்.

ஆய்வகப் பணியாளர், பட்டர்வொர்த்: இரவுப் பணிக்குப் பின் தூக்கம் வருவதில்லை. நண்பரிடம் மாத்திரை வாங்கிப் போடுகிறேன்.

நண்பரிடம் வாங்குவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நாள்தோறும் போட்டு வந்திருந்தால் திடீரென நிறுத்தாமல் அவர் சொல்லும்படி குறைத்து வாருங்கள். பணியின் பிற்பாதியில் காப்பி, தே தாரிக் வேண்டாம். வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி அணிந்து, இருட்டாக்கிய அறையில் உடனே படுத்துவிடுங்கள்.

வார்டு மேற்பார்வைத் தாதி, பினாங்கு: இன்னொரு பெருந்தொற்று வந்தால் என் தாதியரை நான் எப்படிக் காப்பது? மேலிடத்தில் தியான வகுப்பு நடத்தலாம் என்கிறார்கள்.

தியானம் நல்லது, ஆனால் சாப்பிட நேரமில்லாதவரிடம் மூச்சைக் கவனி என்று சொல்வது அவரைக் காயப்படுத்தும். 2003-இல் சார்ஸ் என்ற கடும் சுவாசத் தொற்றுநோய்க்கு ஆளானவர்களைப் பார்த்த டொரோண்டோ மருத்துவமனை ஊழியர்களை ஓராண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் ஆய்வு செய்தபோது, சார்ஸ் பரவாத மருத்துவமனைகளில் இருந்தவர்களைவிட அவர்களிடம் பணிச்சோர்வும் மனவேதனையும் மிகுந்திருந்தன. போதிய பயிற்சியும் ஆதரவும் கிடைத்ததாக உணர்ந்தவர்கள் குறைவாகவே பாதிக்கப்பட்டார்கள். எனவே முதல் மருந்து உங்கள் கையில் இருக்கும் பணி அட்டவணை. பாதுகாப்பு உடையைக் கழற்றித் தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்குப் போகவும் நேரம் எழுதி வையுங்கள்; புதியவரை அனுபவமுள்ளவரோடு இணையுங்கள்; கடினமான பிரிவில் ஒருவரையே வைத்திருக்காமல் சுழற்றுங்கள். முகக்கவசம் குறைவாக இருந்தால் குறைவு என்று சொல்லுங்கள், ஏனெனில் மறைத்தது தெரிந்தால் அதன்பின் நீங்கள் சொல்லும் எதையும் அவர்கள் நம்பமாட்டார்கள். மரணம் நிகழ்ந்த பணிநேரத்தின் முடிவில் ஐந்து நிமிடம் நின்று, யார் வீட்டுக்குத் தனியாகப் போகிறார்கள் என்று விசாரியுங்கள். உலகச் சுகாதார நிறுவனமே பணிச்சோர்வை, சரியாகக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்றுதான் வரையறுத்திருக்கிறது. அட்டவணையைச் சரிசெய்ய ஆள் வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதும்போது இந்த வரையறையையும் சேர்த்து எழுதுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாதவர்: செத்துவிடலாம் என்று தோன்றுகிறது. சொன்னால் போலீஸ், பதிவேடு, வேலை எல்லாம் போய்விடும். தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு 309 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. உதவி கேட்பதற்காக உங்களைத் தண்டிக்க யாராலும் முடியாது. மருத்துவரிடம் நீங்கள் சொல்வது இரகசியமாகக் காக்கப்படும். உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ உடனடி ஆபத்து இருந்தால் மட்டுமே, உங்களைக் காக்கத் தேவையானவரிடம் அவர் பேசுவார். மனநல மருத்துவரைப் பார்ப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பி, வேலைக்கும் போகிறார்கள். மனவேதனையில் இருப்பவர்களுக்குச் செவிகொடுக்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்ற எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் பேசலாம். சுகாதார அமைச்சின் 15555 என்ற உதவி எண்ணையும் அழைக்கலாம். இந்த நொடியே ஆபத்து என்று தோன்றினால், தனியாக இருக்காமல் 999-ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே பதிவு முகப்பில் நீண்ட விளக்கம் தேவையில்லை. “உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறது, மருத்துவரைப் பார்க்கவேண்டும்” என்ற ஒரு வாக்கியம் போதும்.