மாவும் பிகாவும்: வெளிமாநில நடவு ஆட்களிடம் கணக்குப் பேசுவது எப்படி?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எனக்கு 12 ஏக்கர் நிலம். உள்ளூரில் ஆள் கிடைக்காததால், சென்ற குறுவைக்கு மேஸ்திரி மூலம் மேற்கு வங்காளத்திலிருந்து 14 பேரை வரவழைத்தேன். நட்ட பரப்பை நான் ஏக்கரில் சொல்ல, அவர்கள் பிகா என்று எதையோ சொல்ல, கூலித் தகராறாகிப் பாதியில் கிளம்பிவிட்டார்கள். இந்த ஆண்டு என்ன செய்யலாம்?

பதில்: பிகாவைக் கண்டு மிரளாதீர்கள், அது நம்முடைய மாதான். நம் குழி 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, அதாவது 14,400 சதுர அடி. வங்காளத்து பிகாவும் அதே 14,400 சதுர அடிதான். அவர்களுடைய கட்டா 720 சதுர அடி, நமக்கு ஐந்து குழி. காவிரிக் கரையும் கங்கைக் கரையும் ஒரே அளவில் வயலைப் பார்ப்பது எனக்கு இன்னமும் வியப்புதான். ஏக்கரை நடுவில் நுழைத்ததுதான் வினை. நடவுக்கு முன்பே வரப்பில் நின்று, வயல் வயலாகக் காட்டி, எத்தனை பிகா என்று எண்ணில் எழுதிக்கொள்ளுங்கள். பீகார் ஆட்களிடம் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே பிகா இடத்துக்கு இடம் மாறும்.

அடுத்தது தேதி. வங்காள மொழியில் ‘கால்’ என்றால் நேற்றும் அதுதான், நாளையும் அதுதான். பணம் என்றைக்கு என்பதை வாயால் சொல்லாமல் நாள்காட்டியில் தொட்டுக் காட்டுங்கள்.

கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் இந்தியை வைக்காதீர்கள், வங்காளத்தை வையுங்கள். வடக்கே இருப்பவர் எல்லோரும் இந்திக்காரர் என்று நாம் நினைப்பதும், நம் எல்லோரையும் அவர்கள் ‘மதராசி’ என்பதும் ஒரே அறியாமை. வங்காளத்தில் எழுதிய கூலிப் பேச்சை, வந்தவர்களில் மேஸ்திரி அல்லாத ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். மற்றவர்களின் முகம் மாறுகிறதா என்று பாருங்கள். மேஸ்திரி அவர்களிடம் வேறு கூலி சொல்லியிருந்தால் அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

இது தயவு காட்டும் காரியமல்ல. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கான 1979ஆம் ஆண்டுச் சட்டமே, ஒப்பந்ததாரர் தரும் பாஸ்புக்கில் கூலி விவரம் தொழிலாளியின் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் வேலை கொடுத்தவரே தர வேண்டும் என்றும் சொன்னது. இப்போது அதன் இடத்தில் 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் இருக்கிறது. எப்படியானாலும், மொத்தப் பணத்தையும் மேஸ்திரி கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளாதீர்கள்.

சாப்பாட்டுக்கு ஒரு வழி உண்டு. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அவர்கள் ஊர் ரேஷன் அட்டை, ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் இங்கேயும் செல்லும். அங்கே குடும்பம் மீதியை வாங்கிக்கொள்ளலாம். கடையில் கைரேகை வைக்க வேண்டும் என்பதால், வந்து இறங்கிய அன்றே அழைத்துப் போய்விடுங்கள். பத்து நாள் சேற்றில் ஊறிய விரலில் ரேகை எளிதில் பதியாது.