தெளிந்த நீரிலும் மீன் ஏன் சாகிறது? – மீன்தொட்டிக் கேள்வி பதில்

கேள்வி: பதினொரு வயது மகனுக்காக இரண்டடித் தொட்டி வாங்கி ஐந்து தங்கமீன்கள் விட்டோம். நீருக்குள் மூழ்கியிருக்கும் சிறிய மோட்டர் பில்டர் ஒன்றையும் கடைக்காரர் சேர்த்துத் தந்தார். ஞாயிறுதோறும் நீர் முழுவதையும் கொட்டிவிட்டு, கல், பில்டர் பஞ்சு எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவுகிறேன். நீர் பளிங்குபோல் இருக்கிறது. ஆனாலும் மூன்றாவது தடவையாக மீன்கள் செத்துவிட்டன. முருங்கையடியில் புதைத்துவிட்டு வந்த மகன், இனி மீனே வேண்டாம் என்கிறான். தொட்டிக்கு வெளியே வைக்கும் பெரிய கனிஸ்டர் பில்டர் வாங்கினால் சரியாகுமா?
– ஒரு தாய், ஆரையம்பதி

பதில்: சகோதரி, அதை வாங்க வேண்டாம். உங்கள் மீன்களைக் கொன்றது ஞாயிற்றுக்கிழமைக் கழுவல்தான். அக்கறையோடு செய்த வேலையை இப்படிச் சொல்ல வருத்தமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால் நான்காவது தடவையும் உங்கள் மகன் மண் தோண்ட வேண்டிவரும்.

மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும், தின்னாமல் விட்ட உணவிலிருந்தும் அமோனியா சேர்கிறது. நிறமற்ற நஞ்சு அது. நீர் தெளிவாக இருப்பதைப் பார்த்து அது இல்லை என்று எண்ண முடியாது. ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும். அதுவும் மீனுக்கு நஞ்சுதான். இன்னொரு வகை வந்து அதை நைத்திரேற்றாக மாற்றிய பிறகே மீன் நிம்மதியாக மூச்சுவிடும். இந்தப் பற்றீரியாக்கள் பெரும்பாலும் பஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழ்பவை. புதுத் தொட்டியில் அவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் எடுக்கும். நீங்களோ ஏழாம் நாளே குழாயடிக்குக் கொண்டுபோய்விடுகிறீர்கள். மட்டக்களப்புக் குழாய்களுக்கு உன்னிச்சைக் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டு வருகிறது. கிருமிகளைக் கொல்ல அதில் கலக்கும் குளோரீன், பஞ்சில் குடியிருக்கும் இந்த நல்ல பற்றீரியாவையும் விட்டுவைக்காது.

பில்டர் என்றதும் தேநீர் வடியைப்போல அழுக்கைப் பிடித்துவைக்கும் பொருள் என்றே பலரும் நினைக்கிறார்கள். அழுக்கைப் பிடிப்பது அதன் சின்ன வேலை. பற்றீரியாவுக்கு இடமும் ஒட்சிசன் உள்ள நீரோட்டமும் கொடுப்பதே பெரிய வேலை. கடையில் எந்தப் பில்டரைக் கையில் எடுத்தாலும், அதற்குள் எவ்வளவு பஞ்சு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பெட்டியில் அச்சிட்ட மணித்தியாலத்துக்கு இத்தனை லீற்றர் என்ற கணக்கு இரண்டாவதுதான். தொட்டி நீர் மணிக்கு நான்கு முதல் ஆறு தடவை பில்டரைக் கடந்தால் நல்லது என்பார்கள். உங்கள் தொட்டி ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் ஏறக்குறைய 50 லீற்றர் நீர் பிடிக்கும். அதற்கு 200 முதல் 300 லீற்றர். பஞ்சு அடைக்க அடைக்க அந்த ஓட்டம் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கனிஸ்டரை நான் ஏன் தடுக்கிறேன் என்பதற்குச் சொந்தக் கதை உண்டு. கல்லடியில் என் வீட்டு மூன்றடித் தொட்டியில் ஆறு ஏஞ்சல் மீன்களும் ஒரு கனிஸ்டரும் இருந்தன. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் மின்வெட்டு ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது நினைவிருக்கும். கனிஸ்டர் மூடிய பாத்திரம். மோட்டர் நின்றதும் உள்ளே இருக்கும் ஒட்சிசனைப் பற்றீரியாக்களே தின்று தீர்த்துவிட்டு, பிறகு அவையும் சாகின்றன. ஒருநாள் மின்சாரம் வந்ததும் அது தானாக ஓடி, அழுகிய முட்டை நாற்றத்தோடு மஞ்சள் நீரைத் தொட்டிக்குள் கொட்டியது. விடிவதற்குள் நான்கு மீன்கள் போய்விட்டன. நிறுத்திக் கழுவிவிட்டு ஓடவிட வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை. அதே வீட்டில், எயார் பம்பின் காற்றுக் குமிழிகளால் நீரைப் பஞ்சு வழியே இழுக்கும் ஸ்பொஞ்ச் பில்டர் போட்டிருந்த சின்னத் தொட்டியில் ஒரு மீனும் சாகவில்லை. ஸ்பொஞ்ச் திறந்த நீரில் நிற்பதால் பற்றீரியாவுக்கு மூச்சு முட்டவில்லை. கோப்பையால் நீரை மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து இடைக்கிடை ஊற்றிக்கொண்டிருந்தேன். அதுவே போதுமாக இருந்தது.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது எயார் பம்பில் ஓடும் ஸ்பொஞ்ச் பில்டர்தான். விலை குறைவு, மின்சாரமும் மிகக் குறைவு. குமிழிகள் நீரின் மேற்பரப்பைக் கலக்குவதால் ஒட்சிசனும் சேரும். நம் பக்கத்து வெயிலில் இது சிறிய விடயமல்ல: 20 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் நீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடித்துவைத்திருக்கும், 30 பாகையில் ஏழரைதான். உங்கள் தொட்டிக்குச் சொல்லப்படும் அளவைவிட ஒரு படி பெரிய ஸ்பொஞ்சாக வாங்குங்கள். இரண்டு ஸ்பொஞ்ச் உள்ளதென்றால் இன்னும் நல்லது; ஒன்றை இந்த மாதமும் மற்றதை அடுத்த மாதமும் கழுவலாம். கழுவுவது என்றால், தொட்டியிலிருந்து எடுத்த நீரை வாளியில் வைத்து, அதற்குள் நாலைந்து தடவை பிழிவது. குழாயடிக்குப் போகக் கூடாது. ஸ்பொஞ்ச் பழுப்பாகவே இருக்கட்டும்.

எயார் பம்பை நீர்மட்டத்துக்கு மேலே ஒரு தட்டில் வையுங்கள். கீழே வைத்தால் மின்சாரம் நின்றதும் நீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கிப் பம்பைக் கெடுத்துவிடும், நிலத்தையும் நனைத்துவிடும். மேலே வைக்க இடமில்லை என்றால் குழாயின் நடுவே ஒருவழி வால்வு போடுங்கள்.

இனி மீன் விடயம். ஐம்பது லீற்றரில் ஐந்து தங்கமீன் மிக அதிகம். தங்கமீன் நிறையக் கழிவு விடும், உள்ளங்கை நீளத்தையும் தாண்டி வளரும். இந்தத் தொட்டியில் கப்பியோ பிளாட்டியோ ஆறு விட்டால் மகன் குஞ்சுகளையும் பார்ப்பான். அதற்கு முன் ஒரு மாதம் மீனில்லாமல் பில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு போடச் சொல்லுங்கள். அது அழுகி வரும் அமோனியாதான் பற்றீரியாவுக்குச் சாப்பாடு. அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம் என்று பரிசோதனைத் துளிகள் காட்டினால் மீன் வாங்கலாம். நலமான பழைய தொட்டி ஒன்றின் ஸ்பொஞ்சைப் பிழிந்து அந்த நீரை ஊற்றினால் காத்திருப்பு குறையும். பிறகு வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மட்டும் மாற்றுங்கள். குழாய் நீரை முதல் நாளே திறந்த வாளியில் பிடித்து வையுங்கள்.

கேள்வி: தொட்டியின் விளிம்பில் தொங்கும் பில்டர் என் கப்பிக் குஞ்சுகளை உறிஞ்சிவிடுகிறது. மாற்ற வேண்டுமா?
– மாணவி, கல்முனை

பதில்: மாற்றத் தேவையில்லை, மகள். உறிஞ்சும் குழாயின் வாயில் துளையிட்ட ஸ்பொஞ்ச் உருளை ஒன்றைச் செருகுங்கள். குஞ்சு தப்பும், பற்றீரியாவுக்கும் கூடுதல் இடம். வாரம் ஒருமுறை அதைப் பிழியாவிட்டால் ஓட்டம் நின்றுவிடும்.

கேள்வி: டாங்க் கிளீனர் மீன் ஒன்று விட்டால் பில்டர் தேவையில்லை என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், வாழைச்சேனை

பதில்: இல்லை, ஐயா. அது கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும். தின்றதைவிடப் பெரிய தொல்லையாகக் கழிவு விடும். அமோனியாவை எந்த மீனும் தின்னாது. கடையில் விரல் நீளமாக இருப்பது ஓரடியையும் தாண்டி வளரும். அப்போது தொட்டி கொள்ளவில்லை என்று வாவியிலோ குளத்திலோ கொண்டுபோய் விடாதீர்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்த மீன் இலங்கையின் சில நீர்த்தேக்கங்களில் ஏற்கெனவே பரவிவிட்டது. முள்ளும் தகடும் நிறைந்த அதன் உடல் மீனவரின் வலையைக் கிழிக்கும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், சிறிதாக இருக்கும்போதே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு ஸ்பொஞ்ச் பில்டர் கேளுங்கள்.