காய்ந்துபோன ஹவானா சுருட்டை மீட்க முடியுமா?

கேள்வி: மாமா கியூபாவிலிருந்து மான்டிகிரிஸ்டோ நம்பர் 4 சுருட்டுப் பெட்டி ஒன்று வாங்கி வந்தார். மூன்று மாதமாக ஏசி அறையில் இருந்தது. இப்போது தொட்டாலே மேல் இலை வெடிக்கிறது, பற்றவைத்தால் தொண்டை எரிகிறது. ஈரத்துணி வைத்து மூடினால் சரியாகுமா? ஒன்றில் ஊசி குத்தியது போல ஓட்டையும் இருக்கிறது.

பதில்: ஈரத்துணியை மட்டும் வைத்துவிடாதீர்கள். மீட்கலாம், ஆனால் அவசரம் கூடாது. ஏன் என்பது அந்தச் சுருட்டைச் சுற்றிய விதத்திலேயே இருக்கிறது.

உள்ளே நிரப்பியிருப்பது தூள் அல்ல, நீள நீளமான முழு இலைகள். செடியின் அடிப்பகுதி இலையான வொலாடோ நன்றாக எரியும். நடுப்பகுதி செக்கோ மணம் தரும். வெயிலை நேராக வாங்கும் மேல்பகுதி லிஹேரோ காரம் தரும், மெதுவாகத்தான் எரியும். இவற்றை ஒரு முரட்டு இலை கட்டிப்பிடித்திருக்கும். அதற்கு மேல் போர்த்துவதுதான் காபா. கியூபாவின் பினார் தெல் ரியோ மாகாணத்தில் உள்ள வுவெல்டா அபாஹோ பகுதியில், வெயில் படாமல் மெல்லிய துணிப்பந்தலுக்குக் கீழே வளர்க்கும் மிக மென்மையான இலை அது. கை ஓயாமல் சுருட்டும் தொழிலாளர்களுக்குப் புத்தகம் உரக்க வாசித்துக் காட்டும் வழக்கம் 1865 முதல் ஹவானா ஆலைகளில் உண்டு. 1935-இல் பிறந்த மான்டிகிரிஸ்டோ தன் பெயரை எடுத்துக்கொண்டதும் அப்படி வாசிக்கப்பட்ட, பிரெஞ்சு எழுத்தாளர் டூமாவின் 'மான்டிகிரிஸ்டோ பிரபு' நாவலிலிருந்துதான்.

திடீரென்று ஈரம் கொடுத்தால் உள் இலைகள் ஊதும், காய்ந்த காபா அதற்கு ஈடுகொடுக்காமல் கிழியும். காற்றுப் புகாத டப்பாவில் பெட்டியைத் திறந்தபடி வைத்து, முதல் இரண்டு வாரம் 62 சதவீத ஈரப்பதப் பை (டப்பாவின் ஈரப்பதத்தை அந்த அளவில் நிறுத்தும் சிறு பை) போடுங்கள். அப்புறம் 65, பிறகு 69. டப்பாவின் ஈரப்பதத்தை அளக்கும் ஈரமானியை நம்புவதற்கு முன் சோதியுங்கள்: சிறு மூடியில் உப்பைக் கொஞ்சம் நீர் விட்டுக் குழைத்து, ஈரமானியோடு ஒரு பையில் எட்டு மணி நேரம் மூடி வைத்தால் அது 75 காட்ட வேண்டும்.

ஓட்டை புகையிலை வண்டின் வேலை. நம் ஊர் வெப்பத்தில் அதன் முட்டைகள் சுலபமாகப் பொரியும். ஓட்டை விழுந்ததை எறிந்துவிடுங்கள். மற்றவற்றை ஈரம் ஏற்றுவதற்கு முன்பே இரட்டைப் பையில் இறுக்கி, ஒரு வாரம் ஃப்ரீசரிலும் ஒரு நாள் ஃப்ரிட்ஜிலும் வைத்து, வெளியே எடுத்தபின் அறை வெப்பத்துக்கு வரும்வரை பையைத் திறக்காதீர்கள்.

தொண்டை எரிந்ததற்கு, காய்ந்த இலை சூடாக, வேகமாக எரிந்ததே முதல் காரணம். புகையை உள்ளே இழுத்தும் இருப்பீர்கள். சுருட்டுப் புகை வாயோடு நிற்க வேண்டியது. அப்படி நிறுத்தினாலும் வாய்ப் புற்றுநோய் ஆபத்து உண்டு, இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

நம்பர் 4-இன் காபி, கோகோ சாயலும் தேவதாரு மணமும் முழுதாகத் திரும்பும் என்று உறுதி தர மாட்டேன். காய்ந்தபோது ஆவியான எண்ணெய் ஆவியானதுதான். ஒன்றரை மாதம் கழித்து ஒன்றை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். அமுங்கி மறுபடி எழும்பினால் தயார், சரசரத்தால் இன்னும் இரண்டு வாரம் விடுங்கள்.