கூடை சரிந்த அழகு

அன்புள்ள ஐயா,

காரைக்குடியில் வீட்டுப் பின்கட்டில் சின்ன மின்சூளை வைத்து, வண்ணக் கண்ணாடித் துண்டுகளை உருக்கித் தட்டு, கிண்ணம் செய்கிறேன். நான்கு வருடமாகிறது. ஓரளவு விற்கவும் செய்கிறது. ஆனால் இன்ஸ்டாகிராமில் பார்த்ததையே நிறம் மாற்றிச் செய்துகொண்டிருக்கிறேன். எனக்கென்று ஒன்று எப்படி வரும்?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நான்கு வருடம் வீணாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், கை அப்படித்தான் பழகும். ஆனால் இனியும் கண்ணாடியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் வேறொருவர் எடுத்த முடிவுதான் உங்கள் சூளைக்குள் போகும்.

டேல் சிஹூலியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1968-இல் இத்தாலியில் வெனிஸ் அருகே, கண்ணாடித் தொழிலுக்குப் பேர்போன முரானோ தீவில் வெனினி என்ற கண்ணாடிப் பட்டறைக்கே போய் வேலை கற்ற அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர். அப்படிப்பட்டவருக்கு 1977-இல் வழி காட்டியது, அமெரிக்காவில் அவருடைய சொந்த ஊரான டகோமாவின் அருங்காட்சியகத்தில் இருந்த அந்நாட்டுப் பழங்குடி மக்களின் பழைய கூடைகள். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியதில் எடை தாங்காமல் அவை கோணிச் சரிந்திருந்தன, அந்தச் சரிவுதான் அவரைப் பிடித்துக்கொண்டது. ஊதிய கண்ணாடியைச் சீராக்காமல் சூட்டுக்கும் அதன் எடைக்கும் விட்டுவிட்டு, மெல்லிய சுவரோடு தொய்ந்த கிண்ணங்களாக எடுத்தார், அவற்றையும் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தார். கோணாமல் வருவதே கைத்திறன் என்றிருந்த தொழிலில் இதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! இளமையில் நெசவு பயின்று, துணிக்குள் கண்ணாடியைச் சேர்த்து நெய்து பார்த்தவர் அவர், கூடை கண்ணில் பட்டதற்கு அதுவும் காரணம் என்று நான் நம்புகிறேன்.

உங்கள் பக்கத்தில் பனையோலையில் முடையும் சின்னக் கூடை, கொட்டான் இருக்கிறதே. அதைக் கண்ணாடியில் அப்படியே செய்யச் சொல்லவில்லை. பழையது ஒன்றை எடுத்து, ஓலை எங்கே மடிகிறது, விளிம்பு எங்கே தளர்ந்திருக்கிறது என்று பென்சிலால் வரையுங்கள், கோடு மோசமாக வந்தாலும் சரி. அப்புறம் அதில் ஒரே ஒரு விஷயத்தை, அந்தத் தளர்ந்த விளிம்பையே வைத்துக்கொள்ளுங்கள், எடுத்துக்கொண்டு பத்துப் பதினைந்து துண்டு செய்யுங்கள். அச்சுக்குள் இறக்காமல் ஒரு வளையத்தின் மேல் வைத்தால் கண்ணாடி எவ்வளவு தொய்கிறது, பத்து நிமிடம் கூடுதலாக விட்டால் என்ன ஆகிறது என்று ஒவ்வொன்றுக்கும் சூட்டையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். ஆற்றுவதில் மட்டும் அவசரம் கூடாது, ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருக்கும் துண்டு சீக்கிரம் ஆறினால் விரிசல் விட்டுவிடும்.

பத்தாவது துண்டு முடிந்ததும் எழுதுங்கள். சரியாக வராதவற்றின் படங்களையும் சேர்த்து அனுப்புங்கள், அவற்றைத்தான் முதலில் பார்க்க ஆசைப்படுகிறேன்.