கையைக் கண்டு அஞ்சும் பட்ஜி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒரு மாதத்துக்கு முன் நீல நிறப் பட்ஜி கிளி ஒன்றை வாங்கினோம். கூண்டுக்குள் கையை நீட்டினாலே படபடவென்று சிறகடித்து மூலைக்கு மூலை பறக்கிறது. பிடித்து வைத்துத் தடவிக் கொடுத்தால் பழகிவிடும் என்று சொன்னார்கள். அப்படியும் செய்து பார்த்தோம்; பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. எப்படிப் பழக்குவது?

பதில்: பிடித்துப் பழக்கும் முறையை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பட்ஜி, ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலங்களில் கூட்டங்கூட்டமாகத் திரியும் பறவை. 30 முதல் 40 கிராம் எடை மட்டுமே உள்ள அந்த உடலை மேலிருந்து வந்து சுற்றி வளைக்கும் எதையும் அது வேட்டைப் பறவையாகவே எடுத்துக்கொள்ளும். கைக்குள் அகப்பட்டு ஓய்ந்து கிடந்தால் பழகிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் தப்ப வழியில்லாமல்தான் அது அடங்கியிருக்கிறது. தவிர, பறவைகளுக்கு நம்மைப் போல் மூச்சிழுக்க உதவும் தசையான உதரவிதானம் கிடையாது. மார்புக்கூடு விரிந்து சுருங்கினால்தான் மூச்சு ஓடும் என்பதால், அன்போடு இறுக்கிப் பிடித்தாலும் அதற்கு மூச்சு முட்டும்.

கூண்டின் ஒரு பக்கமாவது சுவரையொட்டி இருக்கட்டும். நான்கு புறமும் திறந்திருந்தால் பறவை எந்நேரமும் எச்சரிக்கையாகவே இருக்கும். அது அமரும் குச்சி ஏறத்தாழ உங்கள் கண்மட்டத்தில் இருப்பது நல்லது. வீட்டார் புழங்கும் அறையாக இருக்கலாம், ஆனால் சமையலறை கூடவே கூடாது: அளவுக்கு மீறிச் சூடேறிய நான்ஸ்டிக் பாத்திரத்திலிருந்து கிளம்பும் புகை பறவைகளைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். இரவில் 10 முதல் 12 மணி நேரம் தொந்தரவில்லாத தூக்கமும் வேண்டும்.

அடுத்து, அதன் உடல்மொழியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பழக்குவதில் முக்கால் பங்கு இதுதான். சிறகுகளை உடலோடு ஒட்டிக்கொண்டு, கழுத்தை நீட்டி, மெலிந்து உயர்ந்ததுபோல் அசையாமல் நின்றால் அது பயந்திருக்கிறது. இறகுகள் சற்றே தளர்ந்து, ஒற்றைக் காலில் நின்றபடி அலகை மெல்ல அரைத்துக்கொண்டிருந்தால் நிம்மதியாக இருக்கிறது. நீங்கள் கூண்டை நெருங்கும்போது எந்த இடத்தில் அதன் உடல் விறைக்கிறதோ அந்த இடத்திலேயே நின்று, அரை அடி பின்வாங்குங்கள். விறைப்பு தளர்ந்ததும் ஓரிரு நிமிடம் தாழ்ந்த குரலில் பேசிவிட்டு விலகிவிடுங்கள். ‘வேண்டாம்’ என்று தான் காட்டும் குறிப்புக்கு இந்த மனிதர் மதிப்புக் கொடுக்கிறார் என்பது பறவைக்கு விளங்கத் தொடங்கினால், அது பறந்து தப்ப வேண்டிய தேவையே குறைந்துவிடும். பழக்க முயல்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான் என்பது என் உறுதியான கருத்து. கை உள்ளே போய்விட்டதே, கொஞ்ச நேரம் வைத்துப் பார்ப்போம் என்று இருந்துவிடுகிறார்கள்.

கூண்டருகில் நீங்கள் நிற்கும்போதே அது இரை தின்னத் தொடங்கிவிட்டால், தினைக்கதிரைக் கையில் எடுக்கலாம். பட்ஜிகளுக்கு அதன்மேல் தனி ஆசை உண்டு. அதைத் தட்டில் போட்டுப் பழக்காமல் உங்கள் கையிலிருந்து மட்டும் கிடைக்கும் பண்டமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வழக்கமான உணவைக் குறைத்துப் பட்டினி போட்டுக் கைக்கு வரவழைப்பது கொடுமை. இவ்வளவு சிறிய உடல் பசியைத் தாங்காது. முதலில் நீளமான கதிரின் நுனியைக் கம்பிக்கு வெளியிலிருந்து நீட்டுங்கள். பிறகு கதவு வழியாக, பக்கவாட்டில், அதன் மார்புக்குக் கீழான உயரத்தில் கொண்டு செல்லுங்கள். பயமின்றிக் கொத்தத் தொடங்கிய பின் கதிரைச் சிறிது சிறிதாகக் குட்டையாகப் பிடித்து வாருங்கள். கடைசியில், விரலைத் தாண்டினால்தான் கதிர் எட்டும் என்ற நிலையில், ஒரு காலை விரல்மேல் வைத்துப் பார்த்துவிட்டு அது பின்வாங்கலாம். அப்போது விரலை அசைக்காதீர்கள். இரு கால்களும் ஏறிய பிறகும் சில நாட்களுக்குப் பறவையைக் கையோடு கூண்டைவிட்டு வெளியே எடுக்க வேண்டாம். இளங்குஞ்சு சில வாரங்களில் இந்த நிலைக்கு வந்துவிடும். பிடிபட்டு மிரண்ட பறவைக்கு மாதங்கள் ஆகலாம்.

கேள்வி: எங்கள் பட்ஜி விரலில் ஏறுவதற்கு முன் கடிக்கிறது. கையுறை அணிந்து பழக்கலாமா?

பதில்: வேண்டாம். கையுறை அதன் கண்ணுக்குப் பெரிய, அறிமுகமில்லாத பொருளாகத் தெரியும்; விரலைப் பற்றிய பயமும் அப்படியே நீடிக்கும். ஏறும் முன் அலகால் மெல்லக் கவ்வுவது பெரும்பாலும் கடியே இல்லை. கிளியினம் அலகைக் கைபோலப் பயன்படுத்துகிறது. கால் வைக்கப்போகும் இடம் உறுதியாக இருக்கிறதா என்று கவ்விச் சோதிக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டால், விரல் நம்பத்தகாத கிளை என்றே அது முடிவு செய்யும். வலிக்கும்படி கடித்தால் கத்தவோ, அதட்டவோ, அலகில் தட்டவோ செய்யாமல், கையை நிதானமாக எடுத்துக்கொண்டு, கடிக்கும் முன் அது காட்டிய எந்தக் குறிப்பைக் கவனிக்கத் தவறினோம் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: நன்றாகப் பழகித் தோளில் அமர்ந்துவந்த பட்ஜி, இரண்டு நாட்களாக உப்பிக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, அழைத்தாலும் வருவதில்லை. எங்கள் மேல் கோபமா?

பதில்: கோபமாக இருக்க வாய்ப்பில்லை, நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இரையாகும் விலங்குகள் பலவற்றைப் போலப் பட்ஜியும் தன் பலவீனத்தை முடிந்த மட்டும் மறைக்கும். வெளியே தெரியும்போது நோய் முற்றியிருக்கக்கூடும். பகலெல்லாம் உப்பியிருப்பது, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடுவது, எச்சத்தின் நிறமோ தன்மையோ மாறுவது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்கக் கூடாது. கூண்டைக் காற்று வீசாத, கதகதப்பான இடத்தில் வைத்து, பறவைகளுக்குச் சிகிச்சை அளிக்கும் கால்நடை மருத்துவரிடம் இன்றே கொண்டு செல்லுங்கள். கூண்டின் அடியில் விரித்த தாளையும் எடுத்துச் சென்றால் எச்சத்தைப் பார்க்க அவருக்கு உதவியாக இருக்கும்.